இரண்டு ரொட்டர்டாமும் ஒரு கிணறும்

ஊர்காவற்றுறைத் துறையில் வள்ளமேறி மேற்கே சென்றால் அனலைதீவை அடையலாம். ஐந்து சதுரக் கிலோமீற்றருக்கும் சற்றுக் குறைந்த நிலப்பரப்பு. நெல், புகையிலை, பனை, மீன் இவைதாம் அதன் சீவியம். ஆறு கிடையாது, குன்று கிடையாது. மாரியில் பெய்வதைத் தரை வாங்கி வைத்துக்கொண்டு கோடையில் கிணறுகளின் வழியே சிறுகச் சிறுகத் திருப்பித் தருகிறது. இந்தச் சின்னஞ்சிறு தீவுக்கு ஒருகாலத்தில் ரொட்டர்டாம் என்று பெயர் வழங்கியது என்றால் இன்று பலரும் வியப்படைவர்.

1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், குடாநாட்டின் மேற்கே சிதறிக் கிடந்த தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணைத் தீவு லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ற், அனலைதீவு ரொட்டர்டாம். 1672 இல் வெளிவந்த பல்தேயுஸ் பாதிரியாரின் நூலில் இப்பெயர்கள் காணப்படுகின்றன. டெல்ஃப்ற் ஒன்றைத் தவிர ஏனையவை மக்கள் நாவில் ஒட்டவில்லை.

இன்று இரண்டு ரொட்டர்டாம்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. ஒல்லாந்து நாட்டு ரொட்டர்டாமின் சில பகுதிகள் கடல் மட்டத்திலிருந்து ஆறு மீற்றர்வரை தாழ்ந்தவை. கடல் பொங்கினால் மூடிக்கொள்வதற்கென ஏறத்தாழ 22 மீற்றர் உயரமான இரண்டு இராட்சதக் கதவுகள் 1997 இலிருந்து அதன் நீர்வாயிலில் காவல் நிற்கின்றன. நம்முடைய ரொட்டர்டாமோ கடல் மட்டத்துக்கு மேலேதான் இருக்கிறது. ஆயினும் அதற்குக் காவல் எதுவும் இல்லை. உயர்ந்து வருவது ஒரே கடல். அதை எதிர்கொள்ளும் வலிமை மட்டும் ஏன் இப்படி வேறுபட்டது? அறிவுக் குறைவா, பணக் குறைவா, அல்லது வேறு ஏதேனுமா? இக்கேள்வியை அனலைதீவின் கிணற்றடியில் நின்று கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்றின் தவணை

தீவுவாசிகள் காலநிலையை முதலில் அறிந்தது காற்றின் வழியாகத்தான். சோளகம், கச்சான், வாடை, கொண்டல் என நாற்புறக் காற்றுக்கும் பெயர் உண்டு. எந்தக் காற்றில் வலை போடலாம், எந்தக் காற்றில் வள்ளத்தைக் கரையேற்ற வேண்டும், எந்தக் காற்றோடு மழை வரும் என்பது எழுதாத பஞ்சாங்கமாக இருந்தது. இந்தக் கடலில் வந்துபோன அரபு மாலுமிகளும் அதே பஞ்சாங்கத்தைத்தான் படித்தனர். பருவக்காற்றைக் குறிக்க உலகமெங்கும் வழங்கும் ‘மொன்சூன்’ என்ற சொல், ‘மவ்ஸிம்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. மவ்ஸிம் என்றால் குறித்த தவணை, உரிய பருவம். தவணை தவறாமல் வரும் என்ற நம்பிக்கை அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் காற்று எப்போதும் சொற்படி கேட்பதில்லை. 1344 இல் மாலைதீவிலிருந்து மஃபர் கரைக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவைக் காற்று இலங்கைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தது. அப்படித்தான் அவர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அதற்கும் இரு நூற்றாண்டுகள் முந்திய நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு இன்னொரு செய்தியைத் தருகிறது. முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. ஊராத்துறைக்கு வரும் அயல்நாட்டு வணிகர் காக்கப்பட வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு பண்டங்கள் ஏற்றிவந்த கலமானால் சரிபாதி. கடலின் சீற்றத்தை அரசனால் தடுக்க இயலாது. சீற்றத்தினால் வந்த இழப்பை யார் எவ்வளவு தாங்குவது என்பதை மட்டுமே சட்டத்தால் வகுக்க முடியும். காலநிலை பற்றிய இன்றைய உலக மாநாடுகளின் பெரும்பகுதிச் சச்சரவும் இந்தப் பங்கு பற்றியதே என்பதை நினைவிற் கொள்வோம்.

கிணற்றுக்குள் ஒரு விஞ்ஞானம்

யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுகளும் சுண்ணக்கற் பாறைமீது அமைந்தவை. மழைநீர் பாறையின் வெடிப்புகளூடே இறங்கி, அங்கே ஏற்கனவே ஊறியிருக்கும் கடல்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் கடல்நீரைவிடச் சற்று எடை குறைந்தது. ஆகவே எண்ணெய் தண்ணீர்மீது நிற்பதுபோல அது மேலே நிற்கும். நடுத்தீவில் தடிப்பாகவும் கரையோரத்தில் மெலிந்தும் இருக்கும் இந்த நீர்த்திரளை நன்னீர் வில்லை என்பர்.

இதைக் கண்ணால் காண்பதற்குக் குடாநாட்டிலேயே ஒரு சான்று உண்டு. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதை ஊரார் நெடுங்காலமாக அறிவர். எமர்சன் டெனென்ட் 1859 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய தமது நூலில் புத்தூர்க் கிணற்றை விபரிக்கிறார். தற்செயலாக அதே 1859 இல்தான் லண்டனில் ஜோன் டின்டல், காற்றிலுள்ள நீராவியும் காபனீரொட்சைட்டும் வெப்பக் கதிர்களைப் பிடித்து வைத்துக்கொள்வதை ஆய்வுகூடத்தில் அளந்து காட்டினார். ஒன்று கிணற்றின் கணக்கு, மற்றது ஆகாயத்தின் கணக்கு. இரண்டும் ஒரு நாள் ஒரே தீவில் வந்து சந்திக்கும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

கிணற்றின் கணக்கைச் சூத்திரமாக எழுதியவர் ஓர் ஒல்லாந்தர் என்பது இங்கு கவனிக்கத்தக்கது. அம்ஸ்டர்டாமை அண்டிய பகுதியில் நீருக்காகத் துளையிடும் திட்டத்தை ஆராய்ந்த படைப் பொறியியலாளர் படோன் கைபன் 1889 இல் அதனை வெளியிட்டார். 1901 இல் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் வடகடல் தீவொன்றின் கிணறுகளிலிருந்து அதே முடிவுக்கு வந்தார். கணக்கு எளியது: நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கீழே நாற்பது அடிவரை இறங்கி நிற்கும். இதன் மறுபக்கம்தான் அச்சந் தருவது. மேலே ஓர் அடி நீரை நிரந்தரமாக இறைத்து இறக்கினால், கீழேயிருந்து உப்புநீர் நாற்பது அடி ஏறிவரப் பார்க்கும். குகைகளும் வெடிப்புகளும் நிறைந்த நமது சுண்ணக்கல்லில் நன்னீரும் உப்புநீரும் இடையில் கலந்துவிடுவதால், நிலைமை சூத்திரம் சொல்வதைவிட மோசமாகவே இருக்கும்.

துலாவும் பங்கும்

சூத்திரம் அறியாத காலத்திலும் தீவு மக்கள் அதன்படியே நடந்தனர். கரையோரத்தில் ஆழமாகத் தோண்டுவதில்லை. மணற்பாங்கான இடத்தில் ஆழமில்லாத பூவல் தோண்டி மேல்நீரை மட்டும் அள்ளுவர். தோட்டக் கிணறுகளில் துலா இருந்தது. ஒருவர் துலாவில் ஏறி மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் தண்ணீர் மாறுவார். புகையிலைக் கன்றுக்கு இறைக்கும் நாட்களில் விடியுமுன்னே வேலை தொடங்கும். மிதிப்பவரின் கால் சோர்ந்தால் இறைப்பு நிற்கும். மனித உடலின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது எனலாம்.

இதற்கு மேல் எழுத்திலும் ஓர் ஏற்பாடு இருந்தது. யாழ்ப்பாணத்துப் பழைய உறுதிகளைப் புரட்டினால் காணியோடு கூடவே கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். ஒரு கிணற்றில் இத்தனையிலொரு பங்கு, இறைப்பு முறை இன்ன நாள் என்று பின்னமாகப் பிரித்துத் தலைமுறை தலைமுறையாகக் கையளித்தனர். நீர் அளவுக்குட்பட்டது என்பதை ஒப்புக்கொண்ட சமூகம் மட்டுமே இப்படி எழுதும். ஒல்லாந்திலும் 13ஆம் நூற்றாண்டிலிருந்தே அணைகளைப் பேண ஊரவர் வரி கட்டிக் கூடி முடிவெடுக்கும் நீர்ச்சபைகள் இயங்கின. அங்கே மிகுந்த நீரைத் தடுக்கவும் இங்கே குறைந்த நீரைப் பகிரவும் ஏற்பட்ட ஒழுங்குகள் அவை.

எனினும் பழைய ஏற்பாட்டைப் புகழ்ந்துவிட்டுப் போய்விடுவது நேர்மையாகாது. அந்தப் பங்கில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. கிணற்றுக் கட்டை மிதிக்கக்கூடாது என்று விலக்கப்பட்டவர்கள், குடத்தை வைத்துவிட்டு யாராவது ஊற்றுவார்களா என்று காத்து நின்றவர்கள் குடாநாடெங்கும் இருந்தார்கள். கே. டானியல் ‘தண்ணீர்’ என்ற பெயரிலேயே ஒரு நாவல் எழுத நேர்ந்தது அதனால்தான். கிணற்றைக் காத்த சட்டம் மனிதரைக் காக்கவில்லை. அளவை அறிந்திருப்பது வேறு, அளவை நீதியாகப் பங்கிடுவது வேறு என்ற பாடத்தை இது தருகிறது.

நீரையே ஆயுதமாக்கியவர்களும் இருந்தனர். காரைதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் கோட்டையை 1658 இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்த போர்த்துக்கேயர் பணிந்தது பீரங்கிக்கு மட்டுமன்று, குடிநீர் அற்றுப்போனமைக்கும்தான். கம்பனி இத்தீவுகளைக் குதிரைக்கும் சாயவேருக்கும் வரிக்கும் பயன்படுத்தியதே தவிர, தன் ஊரின் நீர்ச்சபையை இங்கு கொண்டுவரவில்லை. பெயரை மட்டும் தந்துவிட்டுப் போனது.

இரண்டு புயல்கள்

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரண்டு பேரிடர்கள் பதினொரு ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்தன. 1953 ஜனவரி 31 இரவு வடகடல் பொங்கியதில் ஒல்லாந்தில் 1,800 பேருக்கு மேல் மாண்டனர். மூன்று வாரத்துக்குள் அந்நாட்டரசு டெல்டா ஆணைக்குழுவை அமைத்தது. அணை, தடுப்பு, மதகு என ஒன்றன்பின் ஒன்றாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டினார்கள். 1997 இல் திறந்த ரொட்டர்டாம் கதவுகள் அத்தொடரில் வந்தவையே.

1964 டிசம்பர் 22 அன்று இலங்கையின் வடபகுதியைக் கடந்த புயல், அன்றிரவே பாக்கு நீரிணையின் அக்கரையில் தனுஷ்கோடியை விழுங்கியது. பயணிகளோடு ஒரு புகைவண்டியே கடலோடு போயிற்று. அதன்பின் சென்னை அரசு செய்தது, தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது. ஓரிடத்தில் கடலை எதிர்க்க ஊரைப் பலப்படுத்தினர். மற்ற இடத்தில் ஊரையே கணக்கிலிருந்து நீக்கினர்.

இதனால் நம்மவரிடம் திட்டமே இருக்கவில்லை என்று கொள்ளலாகாது. 1950களின் முற்பகுதியில் தொண்டைமானாற்றில் உப்புநீர்த் தடுப்பு எழுந்தது. 1954 இல் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம், ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கி அதைக் குடாநாட்டின் உள்நீரேரிகளுக்குத் திருப்பும் திட்டத்தை முன்வைத்தார். ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று அது பேசப்பட்டது. வேலை தொடங்கியது, இடையில் நின்றது. பின்னர் போர் வந்தது, கட்டிய தடுப்புகளும் பழுதுபட்டன. அறிவு இருந்தது, ஆளும் இருந்தார். தொடர்ந்து செய்து முடிக்கும் அரசியல் உறுதிதான் இருக்கவில்லை.

இதே காலத்தில் துலாவின் இடத்தை நீரிறைக்கும் இயந்திரம் பிடித்தது. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது குடாநாட்டு வெங்காயமும் மிளகாயும் பொன்னாக விளைந்தன, இயந்திரங்கள் பெருகின. இயந்திரத்துக்குக் கால் வலிப்பதில்லை. ஒரு கிழமையில் துலா இறைத்ததை அது ஒரு பொழுதில் இறைத்தது. கிணறுகள் சவரானதற்கு முதற்காரணம் இதுவே. கிணறு உவராகும் ஒவ்வொரு தடவையும் காலநிலை மாற்றத்தின்மீது பழி போட்டுவிட்டு நாம் கைகழுவ முடியாது.

ஆயினும் கடலின் பங்கு இனிமேல்தான் கூடப்போகிறது. 1896 இல் சுவீடனைச் சேர்ந்த அர்ரேனியஸ், காற்றில் காபனீரொட்சைட்டு இரட்டித்தால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கையால் கணக்கிட்டார். 1958 இல் கீலிங் ஹவாய்த் தீவின் மலையுச்சியில் அளக்கத் தொடங்கியபோது அது பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 315 பங்காக இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்றிமீற்றர் உயர்ந்ததென ஐக்கிய நாடுகளின் காலநிலை அறிஞர் குழு 2021 அறிக்கையில் கூறியது. இந்நூற்றாண்டின் முடிவில் அது, வாயுக்களை எவ்வளவு கட்டுப்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து, ஏறத்தாழ முப்பது சென்றிமீற்றரிலிருந்து ஒரு மீற்றர்வரை மேலும் உயரலாம். தாழ்ந்த தீவில் கரை ஒடுங்கினால் நன்னீர் வில்லையும் ஒடுங்கும். வீடு மூழ்குவதற்கு நெடுநாள் முன்னரே கிணறு போய்விடும்.

ஆளற்ற கிணறுகள்

இன்னொரு இழப்பை எந்த விஞ்ஞான அறிக்கையும் அளப்பதில்லை. 1990களின் தொடக்கத்தில் போர் தீவுப்பகுதியை வெறுமையாக்கியது. மக்கள் யாழ்ப்பாண நகருக்கும் வன்னிக்கும் கொழும்புக்கும், பின்னர் பாரிசுக்கும் ரொறொன்ரோவுக்கும் போனார்கள். 1990 ஒக்டோபர் இறுதியில் வடபுல முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ் நகரில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்களிற் பெரும்பாலோர் தஞ்சமடைந்த புத்தளத்திலும் கற்பிட்டியிலும் மணலுக்கடியில் கடல்நீர்மீது மிதக்கும் அதே நன்னீர்தான் காத்திருந்தது. ஏற்கனவே தோட்டங்கள் இறைத்துக்கொண்டிருந்த அந்நீருக்கு அகதி முகாம்களின் வரிசைகளும் சேர்ந்தன. வந்தவருக்கும் இருந்தவருக்கும் இடையே மனக்கசப்பு எழுந்த இடங்களில் தண்ணீரும் ஒன்று.

கிணறு பாவனையில் இருக்கும்போதுதான் கிணறு. ஆண்டுதோறும் கலக்கி இறைத்துச் சேறெடுக்க வேண்டும். எந்த மூலையில் நல்லதண்ணி, எந்த மாதத்தில் எத்தனை பட்டையோடு நிறுத்த வேண்டும் என்பது தாளில் இல்லை. அதை அறிந்தவர்களின் வாயில் இருந்தது. அவர்கள் போனபோது அந்தக் கணக்கும் கூடப் போயிற்று. காலநிலை மாற்றத்துக்கு ஒரு சமூகம் முகங்கொடுக்கும் என்று எளிதாக எழுதிவிடுகிறோம். சமூகம் முதலில் அந்த இடத்தில் இருக்க வேண்டும் அல்லவா?

வெயிலுக்கும் அரசியல் உண்டு

அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்கு நாட்டின் மின்வலையிலிருந்து மின்சாரம் வந்ததில்லை. வள்ளத்தில் வரும் டீசலே நெடுங்காலமாக அவற்றுக்கு ஒளி தந்தது. உவர்நீரைச் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் தீவுகளுக்கு வந்தபோது குடிநீரும் மின்சாரத்தின் கையில் விழுந்தது. கிணற்றை உவராக்கும் அதே புகையைக் கக்கித்தான் உவரை நன்னீராக்க வேண்டும் என்ற விசித்திர நிலை இது.

காற்றும் வெயிலும் குறைவில்லாத இந்த மூன்று தீவுகளிலும் அவற்றால் மின்சாரம் எடுக்கும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு உருவாயிற்று. 2021 ஜனவரியில் அமைச்சரவை அதனைச் சீனக் கம்பனிக்கு வழங்க ஒப்புதல் அளித்தது. தமிழகக் கரைக்கு இத்தனை அருகில் சீனர் வருவதை இந்தியா விரும்பவில்லை. அவ்வாண்டு டிசம்பரில், மூன்றாந்தரப்பு ஒன்றின் பாதுகாப்புக் கவலையால் திட்டம் நிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் கூறியது. கம்பனி மாலைதீவின் 12 தீவுகளுக்குப் போயிற்று. 2022 மார்ச்சில் இந்தியா அதனை நன்கொடையாகச் செய்துதர உடன்பட்டது. 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஒரு கோடியே பத்து இலட்சம் டொலர் பெறுமதி. 1,700 கிலோவாற் சூரிய மின்சாரமும் 530 கிலோவாற் காற்று மின்சாரமும் தரவல்லது.

கைமாறிய அந்த மூன்றாண்டுகளுக்குள்தான் 2022 எரிபொருள் நெருக்கடியும் வந்தது. டீசலுக்கு நாடே வரிசையில் நின்றது. வெயில் அத்தனை நாளும் தீவின்மேல் சும்மா விழுந்துகொண்டிருந்தது. யாரிடம் வாங்குவது என்பது கொழும்பும் டெல்லியும் பெய்ஜிங்கும் பேசிய பேச்சு. 2025 நவம்பர் இறுதியில் திட்வாப் புயலில் நாடெங்கும் 600 பேருக்கு மேல் மாண்டபோது இன்னொன்றும் தெளிவாயிற்று: மவ்ஸிம் இனி பழைய தவணைச் சொல்லன்று.

ஆக, தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு வருவோம். இரண்டு ரொட்டர்டாம்களின் வேறுபாட்டுக்குப் பணம் ஒரு காரணம். ஆனால் முழுக் காரணமன்று. அந்த ஊர் தன் நீரைப் பற்றித் தானே முடிவெடுத்தது. அழிவுக்குப் பின்னும் அங்கேயே இருந்து நாற்பது ஆண்டு கட்டியது. இந்த ஊரின் நீரையும் காற்றையும் வெயிலையும் பற்றி எப்போதும் வேறெங்கோ இருந்துதான் முடிவெடுத்தார்கள்.

ஓர் இலங்கையர் ஆண்டொன்றுக்கு வெளிவிடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு தொன். ஒல்லாந்து நாட்டவரின் அளவு அதனிலும் பல மடங்கு. ஆகாயமும் ஒரு பொதுக் கிணறுதான். சிலர் இயந்திரம் வைத்து இறைத்துவிட்டார்கள். கட்டை மிதிக்க அனுமதியின்றி நின்றவர்களின் குடத்தில் இப்போது உப்பு ஊறுகிறது. இழப்புக்கும் சேதத்துக்குமென 2022 இல் எகிப்து மாநாட்டில் ஒரு நிதி அமைக்க உடன்பட்டார்கள். உடைந்த கலத்தில் முக்காற்பங்கு உடையவனுக்கே என்று எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நயினாதீவுக் கல் எழுதிவைத்த தெளிவு அந்த நிதியில் இன்னும் வரவில்லை.

அனலைதீவாரின் பழைய உறுதிகளில் இன்றும் கிணற்றுப் பங்கு எழுதியபடியே இருக்கும். அந்தப் பங்கு நாளை நன்னீரில் இருக்குமா, வெறும் எழுத்தில் மட்டும் இருக்குமா என்பதைத் தீவு தனியாகத் தீர்மானிக்க முடியாது. ஆனால் அதைத் தீர்மானிக்கும் பேச்சில் தீவாருக்கும் ஒரு பங்கு எழுதப்பட வேண்டும்.